அக்காவின் நான்கு மேசைகள்

"சாப்பிடறதுக்குன்னு யாராவது பினாங்கை விட்டுட்டு கோலாலம்பூர் போவாங்களா? அங்க உள்ளவன் எல்லாம் காடி ஓட்டிக்கிட்டு இங்க வரான் சாப்பிட. அக்காளும் தங்கச்சியும் தலகீழா போறீங்க."

அண்ணி இதைச் சொன்னது அக்கா உயிரோடு இருந்தபோது. அக்கா கடையில் குழம்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பசிக்கு யார் போறா அண்ணி. நான் உக்காரப் போறேன்லா."

அண்ணி சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அக்காவின் வீட்டுக்காரர், மாமா, கல்லாவில் இருந்தபடி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவள் சொன்னது புரிந்திருந்தது.

அக்காவுக்கு கெலுகோரில் சோற்றுக்கடை. பல்கலைக்கழகப் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். காலையில் பாசாருக்குப் போய் மீன், காய் வாங்கிவந்து அடுப்புப் பற்றவைத்தால் சாயந்திரம் வரை நிற்பாள். சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், பொட்டலம் கட்டுவாள். சாயந்திரத்துக்குள் அவள் குழம்பின் வாசமே அவளுக்குக் குமட்டும். டீயில் பிஸ்கட்டை நனைத்து நின்றுகொண்டே தின்பாள். அதுதான் அவள் சாப்பாடு. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் வந்து, "நீ பரிமாறினாத்தான் கணக்கா இருக்கும்" என்று வாளியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பட்டுச்சேலையோடு சாம்பார் ஊற்றிக்கொண்டு நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவாள்.

நான் கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்கிற ஊரில், ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். காலை ஷிப்ட் முடிந்தால் பாலம் தாண்டி நேராகக் கடைக்கு வருவேன். அப்படி ஒரு நாள் அவள் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாள். பெரிய உணவகம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் ஒரு பெண்ணின் முன்னால் தட்டை வைத்துவிட்டு, லேசாகக் குனிந்து, என்ன சமைத்திருக்கிறான் என்று சொல்கிறான். தட்டு தாம்பாளம் மாதிரி. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு மீன். மேலே ஏதோ புல்.

"இதுக்கா இவ்ளோ காசு? கொள்ளைக்காரப் பசங்க," என்றேன்.

"மீன ஏன் பாக்கற? அவளப் பாரு. கையில ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்திருக்கா. அவன் குனிஞ்சு சொல்றான், இவ கேக்கறா. எனக்கு யாராவது இப்படிச் சோறு போட்டு, இது இன்னதும்மான்னு சொல்லியிருக்காங்களா?"

இல்லை. நானும் சொன்னதில்லை. யாரும் சொன்னதில்லை.

அன்றைக்குத் திட்டம் போட ஆரம்பித்தோம். கோலாலம்பூரில் ஐந்து நாள். கோபுரம் பார்ப்பது, கடைகண்ணி சுற்றுவது எதுவும் கிடையாது. உணவகங்கள் மட்டும். எந்த நாள் எந்த மேசை என்பதுதான் பயணம். மற்ற நேரத்தில் தங்கும் அறையில் படுத்துக் கிடப்பது.

திட்டம் போடுவது எங்களை மாதிரி ஆட்களுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. திங்கட்கிழமை அந்த உணவகங்கள் பாதி மூடியிருக்கும். செவ்வாயும் வெள்ளியும் அக்கா சைவம். மாடு எந்நாளும் கிடையாது. இந்த உணவகக்காரர்கள் எங்கே பார்த்தாலும் ஜப்பான் மாடு ஒரு துண்டு வைக்காமல் விடுவதில்லை. எல்லா உணவகத்துக்கும் நான்தான் அக்கா பெயரில் ஆங்கிலத்தில் எழுதினேன், என் நம்பர்தான் கொடுத்தேன். மாட்டிறைச்சி வேண்டாம் என்று எழுதினால், வாத்து தரலாமா, ஆடு தரலாமா என்று மரியாதையாகப் பதில் வரும். அக்கா அந்தப் பதிலை என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்வாள்.

"வாத்தா ஆடான்னு நம்மகிட்ட கேக்கறான் பாரேன்."

"கேக்காம? காசு வாங்கறான்ல."

"நான் காசு வாங்கறேன், யார்கிட்ட கேட்டேன்? கோழி முடிஞ்சுது, மீன்தான்னு போட்டுட்டுப் போயிடறேன்."

புதன், வியாழன், சனி, ஞாயிறு என்று நான்கு மேசை முடிவானது. வெள்ளிக்கிழமை இட்லி. எல்லாமே மதியச் சாப்பாடு, அதுதான் கட்டுப்படியாகும். மேசை பதியும்போது ஒரு கேள்வி வரும்: ஏதாவது விசேஷமா? திருமணநாளா, பிறந்தநாளா?

"பிறந்தநாள்னு போடு," என்றாள் அக்கா. "கேக்கு சும்மா கொடுப்பான்."

"உன் பிறந்தநாளுக்கு இன்னும் எவ்ளோ மாசம் இருக்கு."

"அவன் ஐசி கார்டு எடுத்துப் பிறந்த தேதி பாக்கப் போறானா? போடு."

நான்கு உணவகத்துக்கும் பிறந்தநாள் என்றே போட்டேன். ஒரே வாரத்தில் நான்கு பிறந்தநாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

போனோமா என்றால், இல்லை. முதல் தடவை மாமாவின் சொந்தத்தில் கல்யாணம் வந்தது. சமையலுக்கு அக்கா வேண்டும். தள்ளிப்போட்டோம். அடுத்த தடவை கோயில் திருவிழா, அன்னதானம். அதற்கும் அக்கா வேண்டும். அதற்கடுத்து அண்ணன் புக்கிட் தெங்கா பக்கம் வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். தேதியை மாற்றி வையுங்கள் என்று அண்ணனிடம் நேராகவே கேட்டேன். "நல்ல நாள் பாத்து வச்சது. உங்க ஹோட்டல் எங்க ஓடிப்போகுது?" என்றார். ஹோட்டல் ஓடிப்போகவில்லை. அது உண்மைதான்.

நான்காவது முறை பதிந்தபோது அக்கா ஷூ வாங்கினாள். சிலிப்பர் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று ஒரு உணவகம் எழுதியிருந்தது. கறுப்பு ஷூ, லேசாகக் குதி வைத்தது. வாழ்நாளில் அவள் ஷூ போட்டதில்லை. கடித்துவிடக்கூடாது என்று கடையில் அதைப் போட்டுப் பழகினாள். ஈர சிமெண்டுத் தரையில் டக் டக் என்று நடந்து குழம்பு ஊற்றுவாள். "என்னா அக்கா, ஆபீஸ் வேலையா?" என்று பிள்ளைகள் கிண்டல் பண்ணுவார்கள். "ஆமாம், மேனேஜர். வெண்டைக்காய் போடவா?" என்பாள்.

அந்தப் பயணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, காலையில் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை. உட்காருவதற்கு அவளுக்குக் கிடைத்த இடம் அந்த மீன் தண்ணீர்தானா என்றுதான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

பதினாறாம் நாள் அவள் வீட்டில் படையல் போட்டார்கள். செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். அண்ணி முன்னால் நின்று சமைத்தார். ஆட்டிறைச்சிப் பிரட்டல், மீன்தலைக் கறி, கோழி, வெண்டைக்காய், நண்டு. எல்லாம் அக்கா கடையில் விற்றவை. எல்லாம் அவள் எங்களுக்கு ஊற்றியவை. அவள் சமைத்ததை எல்லாம் அவளுக்குப் பிடித்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"இதுல ஒண்ணாவது அவ சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னைக்காவது வாய மூடு," என்றார் அண்ணன்.

படையல் வைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் வந்தவர் சாப்பிட மாட்டார். கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும். பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், திடுக்கிட்டுப் போகாமல் இருக்க. எங்கள் வீடுகளில் அப்படித்தான். அடுக்குமாடி நடைபாதையில் நின்று எல்லாரும் காடி நிறுத்த இடம் கிடைக்காததைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவில் காது வைத்துக் கேட்டேன். காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா இருக்கிற வீட்டில் ஒரு கரண்டிகூட உருளாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் கதவைத் தட்டினார். உள்ளே போனோம். இலை வைத்தது வைத்தபடி இருந்தது.

பிறகு காக்காய்க்கு வைக்க ஒரு இலையைக் கீழே கொண்டுபோனோம். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒரு குட்டைச் சுவர். அதில் வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். காக்காய் வரவில்லை.

"முனிசிபல்காரன் எல்லாத்தையும் சுட்டுட்டான்லா. காக்காய்க்கு எங்க போறது?" என்றார் மாமா.

"சும்மா இருங்க. மனசுல கொற இருந்தா வராது," என்றார் அண்ணி. பிறகு சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "உன் வீட்டுக்காரர நாங்க பாத்துக்கறோம். நீ நிம்மதியா சாப்பிடு."

வரவில்லை.

"கடைய மூட மாட்டேன்," என்றார் மாமா. குரல் உடைந்தது. அதற்கும் வரவில்லை.

ஒரு மைனா வந்தது. வடையை இரண்டு கொத்து கொத்தியது.

"எடுத்திருச்சு, எடுத்திருச்சு!" என்றார் அண்ணன்.

"மைனா கணக்குல வராது அண்ணே," என்றேன்.

"பறவைதானே?"

"அப்ப கோழியக் கொண்டாந்து விடுங்க."

மாமா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். அண்ணி என்னை முறைத்தார். கடைசியில் ஒரு பூனை வந்து மீன்தலையை இழுத்துக்கொண்டு ஓடியது. அதோடு எல்லாரும் மேலே போய்விட்டோம்.

அதற்குப் பிறகு பார்க்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் இதையே பேசினார்கள். காக்காய் எடுக்கவில்லையாமே. ஏதோ குறை. மாமா ஏதாவது கொடுமை செய்தாரோ என்றுகூட ஒரு அம்மாள் கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"குறை இருக்கு, என்னன்னு எனக்குத் தெரியும்," என்று அண்ணியிடம் சொன்னேன். "அவளுக்கு ஒரு மேசையில உக்காந்து சாப்பிடணும். வேற ஒண்ணும் இல்ல."

"செத்தவ பேச்ச இப்படியா பேசறது? அவ என்ன சோத்துக்கு அலைஞ்சவளா?"

அண்ணியோடு அதற்கு மேல் பேசி என்ன ஆகப்போகிறது.

காக்காய் வருமா வராதா என்பதை நம்புகிற ஆள் இல்லை நான். தொழிற்சாலையில் இயந்திரத்தோடு வேலை. ஆனால் அவள் போகவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். லைனில் நிற்கும்போது பின்னால் டக் டக் என்று கேட்கும். திரும்பினால் யாரோ ஒரு பெண் கருவித் தட்டோடு போய்க்கொண்டிருப்பாள். டீயில் பிஸ்கட்டை நனைத்தால் அப்படியே வைத்துவிடுவேன். அப்போதுதான் என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அக்காவின் பெயரைப் போட்டு, உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம், இரண்டு பேர், மாட்டிறைச்சி இல்லை, சரிதானே என்று கேட்டிருந்தார்கள். அடுத்த நாள் இரண்டாவது உணவகம். பிறகு மூன்றாவது, நான்காவது. ஊரில் எல்லாரும் அவளை அடக்கம் செய்துவிட்டார்கள். இந்த நான்கு இடத்தில் மட்டும் அவளுக்கு இன்னும் மேசை போட்டு வைத்திருக்கிறார்கள்.

ரத்து செய்யக் கை போகவில்லை. 'வருகிறோம்' என்று பதில் போட்டேன். நான்கு பேருக்கும்.

அண்ணனுக்குத் தெரிந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டார். வருஷம் திரும்பவில்லை, அதற்குள் ஊர் சுற்றவா, ஜனங்கள் காறித் துப்ப மாட்டார்களா என்று கத்தினார். கத்தி முடிக்கட்டும் என்று விட்டேன். "உங்க வீட்டுக்குப் பால் காய்ச்ச அவ வந்தாள்ல? இப்ப அவ வீட்டு வேலைக்கு நான் போறேன்," என்றேன். அவர் காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

மாமா மட்டும் தடுக்கவில்லை. கடைக்குப் போனபோது கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். அக்காவின் ஷூ. ஓரத்தில் குழம்புக் கறை துடைத்தும் போகவில்லை.

"சிலிப்பர் போட்டா விடமாட்டான்னு சொன்னா," என்றார்.

எனக்கு அது ஒரு சைஸ் பெரிது. பஞ்சு வைத்தும் நிற்கவில்லை. நான் காலை வைத்த பிறகு குதி தனியாக வந்து தரையில் அடிக்கும். என் நடைக்குக் கொஞ்சம் பின்னாலேயே இன்னொரு நடை. பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் அந்தச் சத்தத்தோடு நடந்தேன். இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தேன். வேடிக்கையாக இருந்திருக்கும் பார்த்தவர்களுக்கு.

முதல் உணவகம் ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடியில். நீளமான நடைபாதை, கடைசியில் கைப்பிடி இல்லாத மரக்கதவு. ஆள் வந்தால் உள்ளேயிருந்து திறக்கிறார்கள். ஒரு மலாய்க்காரப் பெண், கறுப்பு உடை, என்னைக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். ஜன்னலோர மேசை. எதிரில் இன்னொரு நாற்காலி, மடித்த துணி, கத்தி, முள், கண்ணாடிக் குவளை எல்லாம் தயாராக.

"உங்களோடு வருபவர் வழியில் இருக்கிறாரா, மேடம்?"

"வந்துகொண்டிருக்கிறாள்," என்றேன். பொய் என்று தோன்றவில்லை.

கொஞ்சம் காத்திருந்துவிட்டு, ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். ஆரம்பி என்றேன். தட்டு தட்டாக வந்தது. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுக் குனிந்து சொன்னாள். இது சபா மாநிலத்திலிருந்து வந்த மீன், இது புளிக்கவைத்த காய், இது வாத்து, மாடு வேண்டாம் என்றீர்களே அதனால். முதல் தட்டு ஒன்றுக்கும் ஆகாது, பஞ்சு மாதிரி. ஆனால் மீன் நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் என்னைக் கோபப்படுத்தியது. கொள்ளைக்காரப் பசங்க என்று அவளிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. நான் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறேன், எதிர் நாற்காலியில் துணி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. கடையில் பிள்ளைகள் தின்பதை அவள் நின்று பார்த்துக்கொண்டிருப்பாளே, அப்படிப் பக்கத்தில் நிற்கிறாள் என்று பட்டது. இங்கேயும் நிற்கிறாள்.

வாத்துத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அந்தப் பெண் ஒரு தட்டோடு மெதுவாக வந்தாள். உருண்டையாக ஒரு சாக்லேட், பக்கத்தில் ஐஸ்கிரீம், நடுவில் சின்ன மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. தட்டின் விளிம்பில் சாக்லேட்டால் அக்காவின் பெயர்.

நான் மறந்தே போயிருந்தேன்.

முழுப்பெயர். ஐசியில் இருக்கிற மாதிரி. யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. கடைசியாக அந்தப் பெயரை முழுதாகப் பார்த்தது பத்திரிகையில் போட்ட கண்ணீர் அஞ்சலியில்.

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், மேடம்," என்றாள் அந்தப் பெண்.

"என் பெயர் இல்லை. அவள் பெயர். அங்கே வை."

எதிர் நாற்காலியைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். சுற்றி வந்து, பெயர் நாற்காலியைப் பார்த்திருக்கும்படி தட்டைத் திருப்பி வைத்தாள். வைத்துவிட்டு நகரப் பார்த்தாள்.

"சொல்லு," என்றேன். "எல்லாத் தட்டுக்கும் என்னிடம் சொன்னாய் அல்லவா? அவளிடமும் சொல்லு."

என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பெண் மறுக்கவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து, காலி நாற்காலியிடம் சொன்னாள். சாக்லேட் பகாங்கில் விளைந்தது. உள்ளே மலாக்கா வெல்லப்பாகு இருக்கிறது, உடைத்தால் வழியும். ஐஸ்கிரீம் வாசனைக்குப் பாண்டான் இலை போட்டுச் செய்தது. எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, "மெதுவாகச் சாப்பிடுங்கள்," என்றாள்.

நான் எழுந்தேன். துணியை மேசையில் வைத்தேன்.

"யாரும் அந்தத் தட்டைத் தொட வேண்டாம். பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்."

அக்காவின் ஷூ என் காலுக்குப் பின்னால் டக் டக் என்று அடிக்க, கதவுவரை நடந்தேன். வெளியே வந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நீளமான நடைபாதையில் தனியாக நின்றேன். மின்தூக்கியிலிருந்து வந்த ஒரு ஜோடி, உள்ளே போகவில்லையா என்று கேட்டது. கொஞ்சம் பொறுங்கள், உள்ளே ஆள் சாப்பிடுகிறது என்றேன். என்ன நினைத்தார்களோ, அவர்களும் சுவரோரமாக நின்றுகொண்டார்கள். இந்தத் தடவை நான் கதவில் காது வைக்கவில்லை.

போதும் என்று பட்டபோது தட்டினேன். திடுக்கிட்டுப் போகாதபடி, மெதுவாக.

கதவு திறந்தது. மேசைக்கு வந்தேன். மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. ஐஸ்கிரீம் உருகி, தட்டு முழுக்கப் பரவி, பெயரின் மேல் பாதியைக் கரைத்திருந்தது. குளிர்சாதனக் காற்று பட்டு அணைந்திருக்கலாம். யாராவது ஊதியிருக்கலாம். நான் கேட்கவில்லை.

தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். படைத்ததை வீணாக்கக் கூடாது. உடைத்தேன், வெல்லப்பாகு வழிந்தது. வழித்துத் தின்றேன். கடைசியில் விரலாலும் வழித்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

எழுந்திருக்கும்போது அந்தப் பெண் வந்து, அவருக்குப் பிடித்திருந்ததா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தெரியவில்லை," என்றேன். "நாளைக்கு இன்னொரு பிறந்தநாள் இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன்."